சாப்பாடா, குடித்தனமா?

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் மனைவிக்குச் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுகிற டாக்டர். எங்களை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அறிக்கையின் அடியில் புரியாமல் ஒரு கையெழுத்து இருக்குமே, அதுதான் நாங்கள்.

உங்கள் இழப்பைப் பற்றி இந்த இடத்தில் சில வரிகள் எழுதினேன். அடித்துவிட்டேன். எதுவும் சரியாக வரவில்லை, மன்னியுங்கள். விஷயத்துக்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. சிறு துண்டுகளாக வெட்டி மெழுகில் பதித்து வைப்போம். அதற்கு பிளாக் என்று பெயர். தேவைப்படும்போது அதை வெங்காயத் தோலைவிடப் பல மடங்கு மெலிதாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்போம். உங்கள் மனைவியின் மார்பிலிருந்து எடுத்த கட்டியில், செல்கள் தெரிகிற பிளாக் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

சில கட்டிகளில் ஒரு செல் இன்னொரு செல்லை முழுசாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனது சில சமயம் உயிரோடும் இருக்கிறது. இதை அடிக்கடி பார்த்தால் நோய் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் நாங்கள் இப்போது தொடங்கியிருக்கும் ஆராய்ச்சி. இளம் வயதில் நோய் வந்தவர்களின் பிளாக்குகள் எங்களிடம் குறைவு. உங்கள் மனைவியுடையதில் இது தெளிவாக இருக்கிறது.

ஒரு சிக்கல். இதற்கு அந்த பிளாக்கைக் கடைசி வரை சீவ வேண்டும். முடிந்ததும் வெறும் மெழுகுதான் மிஞ்சும். கடைசி பிளாக் என்றால் வீட்டாரைக் கேட்காமல் தொடுவதில்லை என்பது எங்கள் பிரிவின் வழக்கம். ஆகவே கேட்கிறேன். சரி என்றால் இணைத்துள்ள தாளில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றால் ஒரு வரி போதும். ஏன் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
கீழ்த்தள டாக்டர்


பிப்ரவரி 21

டாக்டர் மேடத்துக்கு,

உங்க லெட்டர் வீட்டு அட்ரஸுக்குப் போய், அங்கிருந்து என் மாமனார் கையில மாட்டி, அவர் மூலமா இங்க வந்துச்சு. நான் இப்ப அந்த வீட்ல இல்ல. ஆலையோட குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. கட்டில், மேஜை, ஒரு ஜன்னல். போதும்.

நீங்க போன் நம்பர் குடுத்திருந்தீங்க. போன்ல எனக்குப் பேச வரல. அந்தப் பக்கம் 'எப்படி இருக்கீங்க'ன்னு ஆரம்பிச்சாலே வாய் அடைச்சுக்குது. எழுதினா கொஞ்சம் வருது. பேசற மாதிரிதான் எழுதத் தெரியும், தப்பா எடுத்துக்காதீங்க.

பதில்: வேண்டாம். தர முடியாது.

ஏன்னு கேட்க மாட்டேன்னு எழுதியிருக்கீங்க. ரொம்ப நல்லது. ஆனா நான் உங்களைக் கேட்கணும்.

நான் இரும்பு சோதிக்கிற ஆளு. தகடோ கம்பியோ, எது தயாரானாலும் அதுல ஒரு துண்டை வெட்டி, முகம் தெரியற அளவுக்குப் பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்ல வெச்சு, உள்ள கசடு எங்கெங்க மாட்டிக்கிட்டு இருக்குன்னு பார்க்கறது என் வேலை. நான் கையெழுத்து போட்டாத்தான் சரக்கு கேட்டைத் தாண்டும். பார்த்ததை எழுதாம விட்டேன்னா மறுநாள் எனக்கு கேட்ல வாட்ச்மேன் வேலைதான்.

அவ ரிப்போர்ட் எனக்கு மனப்பாடம். ஸ்கூல்ல செய்யுள் ஒப்பிச்ச மாதிரி ஒப்பிப்பேன். அதுல செல்லுக்குள்ள செல்னு ஒரு வார்த்தை இல்ல. இப்போ 'தெளிவாக இருக்கிறது'ன்னு எழுதறீங்க. அப்போ தெரியலையா? இல்ல, தெரிஞ்சும் எழுதலையா? எழுதியிருந்தா மருந்தை மாத்தியிருப்பாங்களா?

அந்தப் படம் ஒண்ணு அனுப்புங்க. என் கண்ணால பார்க்கணும்.

நான் கோபமா எழுதறேன்னு நினைக்காதீங்க. கோபம்கூட வரல. சாப்பிடறேன், தூங்கறேன், ஷிஃப்டுக்குப் போறேன். மெஷின் ஓடுது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
அவ வீட்டுக்காரன்


மார்ச் 3

ஐயா,

உங்கள் 'வேண்டாம்' கிடைத்தது. பிளாக்கை அலமாரியில் அதன் இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். யாரும் தொட மாட்டார்கள். அந்தப் பேச்சு முடிந்தது.

இனி உங்கள் கேள்விகள். தெரிந்தது. எழுதவில்லை.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. கட்டி எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விட்டதா, எந்த மருந்துக்கு மசியும். மேலே இருக்கும் டாக்டர்கள் இவற்றை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்கிறார்கள். செல்லுக்குள் செல் அதில் இல்லை. ஏனென்றால் அதைச் சொன்னால் அடுத்து என்ன செய்வது என்று இன்று யாருக்கும் தெரியாது. நான் எழுதியிருந்தாலும் ஒரு மாத்திரைகூட மாறியிருக்காது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இது எதைக் காட்டுகிறது என்று கேட்டால், சில வகைக் கட்டிகளில் இது அதிகம் இருந்தவர்களுக்கு நோய் முரட்டுத்தனமாகப் போயிருக்கிறது. வேறு சிலவற்றில் இது இருந்தவர்கள் கூடுதல் காலம் நன்றாக இருந்திருக்கிறார்கள். மார்பிலேயே இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். யாருக்குள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கட்டிச் செல்லுக்குள் இன்னொரு கட்டிச் செல் இருப்பது ஒரு கதை. நோயோடு சண்டை போட வந்த வெள்ளையணு உள்ளே மாட்டியிருப்பது வேறு கதை. வெளியே இருப்பது பசியில் பிடித்து விழுங்கியும் இருக்கலாம்; உள்ளே இருப்பது தானாகவே நுழைந்தும் இருக்கலாம். உள்ளே போனது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. சில சமயம் அங்கேயே இரண்டாகப் பிரிகிறது. சில சமயம் ஒன்றுமே நடக்காதது போல வெளியே வந்துவிடுகிறது.

புற்று தன்னையே தின்று குறைகிறதா, தின்று கொழுக்கிறதா? வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. இதையே உங்கள் மனைவி ஒரே வரியில் கேட்டுவிட்டுச் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

படம் வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்ட இடத்தைப் பாருங்கள். பெரிய செல்லின் நியூக்ளியஸ் பிறை மாதிரி வளைந்து ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். நடுவில் வட்டமாக இருப்பது உள்ளே போனது.

இப்படிக்கு,
கீழ்த்தள டாக்டர்


மார்ச் 12

டாக்டர் மேடத்துக்கு,

படம் வந்துச்சு. லேப்ல, யாரும் இல்லாத நேரமா பார்த்து, பூதக்கண்ணாடி வெச்சு பார்த்தேன். நீங்க ஒரு அம்புதான் போட்டிருந்தீங்க. நான் படம் முழுக்க கட்டம் போட்டு எண்ணினேன். அம்பு இல்லாத இடத்துலயும் இருக்கு. திரும்பின பக்கமெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

எங்க வேலைல ஒரு விதி இருக்கு மேடம். துண்டு முழுக்க தங்கமா இருந்தாலும், எந்த இடம் ரொம்ப மோசமோ அந்த இடத்துக்குத்தான் மார்க். ஏன்னா பாரம் ஏறினா அங்கதான் உடையும். அந்த விதிப்படி நான் உங்க படத்துக்கு மார்க் போட்டேன். இரும்பா இருந்தா நான் அதை உலைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அப்புறம் இதைப் பத்தி வந்திருக்கிற கட்டுரைங்களைத் தேடிப் பிடிச்சேன். எனக்குப் புரிஞ்சது பாதிதான். ஆனா எத்தனை பேர் எவ்வளவு நாள் உயிரோட இருந்தாங்கன்னு காட்ட, எனக்கு கிடைச்சது எல்லாத்துலயும் ரெண்டு கோடு இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல் கோட்டுல இருக்கறவங்க ரொம்ப நாள் இருக்காங்க. கீழ் கோடு, இது நிறைய இருக்கறவங்களோடது, மாடிப்படி மாதிரி சரசரன்னு இறங்குது. என் மார்க்கை வெச்சு அவளை எங்க நிறுத்தறதுன்னு பார்த்தேன். கீழ. ஆரம்பத்துலயே கீழதான் இருந்திருக்கா.

அப்போ அவ்வளவு ஊசி எதுக்கு மேடம்? அவ வாந்தி எடுக்கறப்போ பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு 'இது வேலை செய்யுது, அதான் படுத்துது, இன்னும் கொஞ்சம்தான்'னு சொன்னவன் நான். அவ வேண்டாம்னு சொன்னப்பல்லாம் நான் சொல்லி சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது பொய்யா? இதுக்கு மட்டும் பதில் வேணும். வேற எதுவும் வேண்டாம்.

இவ்வளவு எழுதி மடிக்கறதுக்கு முன்னால உங்க லெட்டரை இன்னொரு தடவை எடுத்தேன். 'உங்கள் மனைவி ஒரே வரியில் கேட்டுவிட்டுச் சிரித்தது'ன்னு இருக்கு. மொதல்ல படிச்சப்போ கண்ணு அதைத் தாண்டிப் போயிருக்கு.

அவ உங்களை எப்போ பார்த்தா? நான் அவளைத் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதே இல்லையே. வேற யாரோட சம்சாரத்தையோ நினைச்சுக்கிட்டு எழுதிட்டீங்களா? இல்ல அவளேதானா? என்ன கேட்டா?

உடனே எழுதுங்க.

இரும்பு சோதிக்கிறவன்


மார்ச் 17

அன்புள்ள தம்பி,

ஐயா என்று எழுதப் பேனா வரவில்லை. என் தம்பி வயதுதான் உங்களுக்கு இருக்கும்.

உங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லியிருப்பார் என்று நம்பித்தான் அந்த வரியைப் போகிற போக்கில் எழுதினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து, முடிவு கேட்க நீங்கள் இருவரும் வந்திருந்த நாள். என் அறைக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தலையில் மஞ்சள் பூப்போட்ட துணி கட்டியிருந்தார்.

"கேன்டீன் எங்கங்க?"

"இது லேப்மா. கேன்டீன் அந்தக் கோடி."

"லேபா? அப்போ என் கட்டி இங்கதான் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "டாக்டரக்கா, ஒரே ஒரு தடவை காட்டுங்க. எனக்குள்ள இருந்ததை ஆஸ்பத்திரியே பார்த்தாச்சு. வளர்த்தவ நான் மட்டும்தான் பார்க்கல."

எங்கள் வழக்கத்தில் இது இல்லை. ஆனாலும் பெயரும் எண்ணும் கேட்டு, தட்டில் தேடினேன். ஸ்லைடு அங்கேயே இருந்தது. மாணவர்களுக்காக, இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கிற மைக்ரோஸ்கோப் ஒன்று உண்டு. எதிர்ப்பக்கம் உட்கார வைத்தேன். புதிதாகப் பார்க்க வரும் எல்லாரிடமும் சொல்வதை வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ரொம்பக் கிட்ட போகாதீங்க, இமை முடி மறைக்கும்."

"ஊசி போட்டதுல இமையே கொட்டிப்போச்சு டாக்டரக்கா. இந்த ஒரு விஷயத்துல உங்க ஸ்டூடன்ட்ஸ் யாரும் என்கிட்ட நிக்க முடியாது."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதற்குள் லென்ஸில் கண்ணை வைத்துவிட்டார். ஸ்லைடை மெதுவாக நகர்த்தினேன். பிறகு, "ஐயய்யே, இதென்ன ஒண்ணுக்குள்ள ஒண்ணு?" என்றார். ஒரு செல் இன்னொன்றுக்குள் போயிருக்கிறது என்றேன்.

"உள்ள இருக்கறது சாப்பாடா, குடித்தனமா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் வீடு பார்த்துக் குடுக்கற ஆளு. அதான் கேட்கறேன். அந்தப் பெரியவரைப் பாருங்க, சொந்த வீட்லயே சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கறார். குடி வந்தவர் நடுக்கூடத்துல காலை நீட்டிப் படுத்திருக்கார். இந்த மாதிரி ஓனருங்களை நிறைய பார்த்தாச்சு. கொஞ்ச நாள்ல ஓனரே சாமானைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வீடு கேட்டு வருவார்."

சிரித்துச் சிரித்து என் கண்ணில் தண்ணீர் வந்து, லென்ஸைத் துடைக்க வேண்டியதாகிவிட்டது. இந்தக் கேள்வியை ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ கேட்டுவிட்டார்கள், நீளமான வார்த்தைகளில். ஆனால் நாங்கள் அதை வேடிக்கை பார்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "இது இருக்கறது நல்லதா, கெட்டதா?"

"தெரியாது."

"நிஜமாவே தெரியாதா? இல்ல, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"நிஜமாவே தெரியாதும்மா."

அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். "எல்லா டாக்டரும் ஏதாவது ஒரு பர்சன்டேஜ் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னு சொல்றீங்க. கேட்கவே நல்லா இருக்கு" என்றார். எழுந்து கதவு வரை போய்த் திரும்பி, "ஆனா கண்டுபிடிங்க டாக்டரக்கா. அதுக்குத்தானே கீழ உட்கார வெச்சிருக்காங்க?" என்றார்.

வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வந்து மேல பெஞ்சுல தூங்கறார். எழுந்திருக்கறதுக்குள்ள டீயோட போய் நிக்கணும். இதை அவர்கிட்ட இப்போ சொல்ல மாட்டேன். சொன்னா ஸ்கேலை எடுத்துக்கிட்டு இங்கயே குடி வந்துடுவார்."

இதை உங்கள் கையெழுத்துக்காக எழுதவில்லை. அந்தப் பேச்சு முடிந்தது என்றால் முடிந்ததுதான். கேட்டீர்கள், சொன்னேன்.

இப்போது உங்கள் கணக்கு. அது தப்பு தம்பி. அதற்குக் காரணம் நான். படம் அனுப்பு என்றால் நாங்கள் எதைக் காட்ட வேண்டுமோ அது நிறைய இருக்கிற இடத்தைத் தேடித்தான் எடுப்போம். அந்த ஸ்லைடிலேயே பல இடங்களில் இது ஒன்றுகூட இல்லை. உங்கள் விதி இரும்புக்குச் சரி. தகட்டில் மோசமான இடத்தில்தான் உடையும். ஒரு மனுஷியை ஒரு படத்தை வைத்துக் கீழ்க் கோட்டில் நிறுத்த முடியாது. அந்தக் கோடுகள் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் போட்டவை. தனியாக ஒருவரைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

'பொய்யா' என்று கேட்டீர்கள். இன்னொரு படம் வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பாக, நார் நாராக, வெறிச்சென்று இருக்கும். என்ன இருக்கிறது என்று தேடாதீர்கள், ஒன்றும் இல்லை. அதுவும் அவருடைய கட்டிதான். மருந்துக்கு முன்னால் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம். நீங்கள் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லி அனுப்பினீர்களே, அந்த ஊசிகளுக்குப் பிறகு இப்படி ஆகியிருந்தது. அறுவையில் வந்த பிளாக்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. செல் மிஞ்சிய இடம் ஒரு மூலைதான். முதல் கடிதத்தில் 'ஒன்றே ஒன்று' என்று எழுதியது அதைத்தான்.

அந்த மூலையில் இருந்தவை போல மருந்துக்குத் தப்பி உடம்பில் வேறெங்கோ ஒளிந்திருந்தவைதான் மறுபடி வந்தன. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மருந்து வேலை செய்தது. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். நீங்கள் சொன்னது உண்மை.

அன்புடன்,
டாக்டரக்கா


மார்ச் 26

டாக்டரக்கா,

அவ அப்படித்தான் கூப்பிட்டான்னு எழுதியிருந்தீங்க. நானும் அப்படியே கூப்பிடறேன்.

டீ ஆறிப்போயிருந்துச்சு அக்கா. அன்னிக்கு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் எழுந்தப்போ ரெண்டு கப்போட நின்னா. ஒரு வாய் குடிச்சுட்டு, 'என்ன இது, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு?'ன்னேன். 'லிஃப்ட் வரல, படி ஏறி வந்தேன், வாங்கிட்டு வந்தவளுக்கு ஒரு தேங்க்ஸ் கிடையாது, குறை மட்டும் சொல்லுங்க'ன்னு திட்டினா. நானும் வாயை மூடிக்கிட்டு குடிச்சேன். அவ உங்க ரூம்ல உட்கார்ந்து ஹவுஸ் ஓனர் கதை பேசிட்டு வந்திருக்கா!

உங்க லெட்டரை ரூம்ல நின்னுக்கிட்டே படிச்சேன். 'என்கிட்ட நிக்க முடியாது'ங்கற இடத்துல சிரிப்பு வந்துடுச்சு. குடித்தனம்கற இடத்துல சத்தமாவே சிரிச்சுட்டேன். அப்புறம் அது சிரிப்பா இல்லாம போயிடுச்சு. பக்கத்து ரூம்ல கிரேன் ஓட்டற அண்ணன் இருக்கார். ஓடி வந்து, 'என்னய்யா, யாருக்கு என்ன?'ன்னு கேட்டார். 'ஒண்ணும் இல்லண்ணே, என் சம்சாரம் ஒரு ஜோக் சொன்னா'ன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தோள்ல கை வெச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். நான் அழறதுக்காக எங்க வீட்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க. கடைசில பார்த்தது கிரேன்காரர்தான்.

உங்களுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியல. அவ போனதுக்கு அப்புறம் எங்கிட்ட இருக்கறது எல்லாம் பழசு. போட்டோ, போன்ல இருக்கற வாய்ஸ் மெசேஜ், எல்லாம் தேய்ஞ்சு போற அளவுக்கு கேட்டாச்சு. இனிமே அவ புதுசா ஒரு வார்த்தை பேச மாட்டாங்கறதுதான் என்னால தாங்க முடியாம இருந்துச்சு. நீங்க புதுசு குடுத்தீங்க அக்கா. நான் கேட்காத பேச்சு, நான் பார்க்காத ஒரு அரை மணி நேரம். நன்றின்னா சின்னதா இருக்கு. இருந்தாலும் நன்றி.

அப்புறம், தெரியாதுன்னு அவகிட்ட தெரியாதுன்னே சொன்னீங்களே, அதுக்கும்.

ஒண்ணும் இல்லாத படத்தை ஜன்னல்கிட்ட வெச்சிருக்கேன். எங்க தொழில்ல இப்படி ஒரு துண்டு வந்தா ஒரு நொடி பார்த்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். இதை நான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் அவ மறுபடி வேலைக்குப் போனா, தெரியுமா? சாவிக்கொத்தைக் கையில சுத்திக்கிட்டு ஊர்ல இருக்கற மாடியெல்லாம் ஏறினா. புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணுக்கு வீடு காட்டப் போய், 'இந்த பாத்ரூம் கதவு மூடாதுங்க, பாடிக்கிட்டே குளிங்க'ன்னு சொல்லி, அந்த வீட்டை அவங்க தலைல கட்டிட்டு வந்தா. சாயங்காலம் அதை என்கிட்ட நடிச்சுக் காட்டினா. அந்த மாசங்களை நான் கணக்குலயே சேர்க்கல. கடைசி சில வாரத்தை மட்டும் வெச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் மார்க் போட்டுட்டேன். அந்த மாசங்கள் இந்தப் படத்துல இருந்து வந்ததுன்னு இப்ப தெரியுது.

பிளாக் விஷயம். அவளைக் கொண்டுபோனதைத்தான் நான் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியுது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனா அதுவும் அவ உடம்புதானே அக்கா? எங்கேயோ ஒரு அலமாரில, ஒரு நகம் அளவுக்கு அவ இருக்கான்னு நினைச்சுக்கிட்டா தூக்கம் வருது.

அதே சமயம் 'கண்டுபிடிங்க'ன்னு அவதான் சொல்லியிருக்கா. நீங்க அதை வெச்சு என்னைக் கேட்கல. அதனாலதான் என்னால யோசிக்க முடியுது.

ஒண்ணு கேட்கலாமா? நான் கையெழுத்து போட்டா, சீவறப்போ பக்கத்துல இருக்கலாமா? வழக்கத்துல இல்லைன்னா விடுங்க.

உங்க தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பி,

வழக்கத்தில் இல்லை. வாருங்கள்.

வியாழக்கிழமை காலை வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும். வாசலில் கேட்டால் கேன்டீனுக்குத்தான் வழி சொல்வார்கள். அதற்கு எதிர்க்கோடியில் நாங்கள். சீவுகிற டெக்னீஷியன் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாயாடி, ஆனால் கை சுத்தம்.

பெரிதாக ஒன்றும் இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு சக்கரத்தைச் சுற்றுவார், கத்தி சீவும், அவ்வளவுதான். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம். மிச்சத்தை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனாலும் சரி, எங்களிடமே வைத்தாலும் சரி. கையெழுத்தைக்கூட பார்த்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நன்றியெல்லாம் எழுதியிருந்தீர்கள். என் வேலையில் அது வருவதில்லை. நோயாளி குணமானால் மேலே இருப்பவர்களுக்கு இனிப்பு போகும். கீழே யாரும் வருவதில்லை. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நானும் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆராய்ச்சியில் நாங்களும் அதிகமாகத் தெரியும் இடத்தைத் தேடிப் பிடித்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். உங்கள் கணக்குத் தப்பு என்று உங்களுக்கு எழுதிவிட்டு, அடுத்த நாள் அதே வேலையைச் செய்ய உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இப்போது ஸ்லைடு முழுக்க ஒரே இடைவெளியில் நகர்த்தி, விழுகிற இடத்தில் இருப்பதை எண்ணுகிறோம், ஒன்றுமில்லாத இடத்தையும் சேர்த்து. வேலை இழுக்கிறது. ஆனால் நேர்மையாக இருக்கிறது.

எதைக் கண்டுபிடிப்போம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அதனால் இனி ஒரு பயனும் இல்லை என்பது தெரியும். அடுத்து எட்டிப் பார்க்கிற யாராவது ஒருத்தி 'நல்லதா கெட்டதா' என்று கேட்டால் வேறு பதில் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

டாக்டரக்கா


ஏப்ரல் 14

டாக்டரக்கா,

ரூமுக்கு ஒழுங்கா வந்து சேர்ந்தேன். அன்னிக்கு உங்களை அவசரமா மேல கூப்பிட்டுட்டாங்க, நீங்க ஓடிட்டீங்க. நான் சொல்லாம கிளம்பிட்டேன்னு நினைக்காதீங்க. நீங்க போனதுக்கு அப்புறம் நடந்ததை சொல்லத்தான் இந்த லெட்டர்.

உங்க டெக்னீஷியன் தங்கச்சி பிளாக்கை ஐஸ் மேல வெச்சிருந்தாங்க. மெழுகு இறுகினாத்தான் கத்தி வழுக்காதாம். கையில குடுத்தாங்க. எங்க லேப்ல மேஜை மேல வைக்கற எதுவும் இவ்வளவு லேசா இருந்து நான் பார்த்ததில்ல. மெழுகுக்கு நடுவுல வெள்ளையா ஒரு திட்டு, அவ்வளவுதான். நான் ஏதோ பயந்துக்கிட்டு வந்தேன். பயமா இல்ல.

கையெழுத்து போட்டுட்டேன்.

சக்கரத்தை சுத்த ஆரம்பிச்சாங்க. சத்தமே இல்ல. சீவினது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ரிப்பன் மாதிரி இறங்குச்சு. அதைத் தூரிகையால தூக்கி வெந்நீர்த் தொட்டில விட்டாங்க. சுருங்கி இருந்தது மெதுவா விரிஞ்சுது. "நீங்க இரும்பு அறுக்கற ஆளாமே அண்ணா, எங்க வேலையெல்லாம் உங்களுக்கு வடிகட்டின சோம்பேறித்தனமா தெரியும்"னாங்க. "இல்லம்மா, எங்க மெஷின் கத்தற கத்துக்கு உங்க கத்தி கோயில் மாதிரி இருக்கு"ன்னேன். சிரிச்சாங்க. ஒரு ஸ்லைடு கண்ணாடியை என்கிட்ட நீட்டி, "நீங்க ஒண்ணு எடுங்க"ன்னாங்க. தண்ணிக்குள்ள சாய்ச்சு விட்டு, கீழ இருந்து தூக்கணும். எனக்குத் தூக்கத் தெரியாம ஓரம் மடிஞ்சுடுச்சு. நான் மன்னிப்பு கேட்டேன். "மடிஞ்சா என்ன அண்ணா, மடிஞ்ச இடத்தைத் தள்ளிட்டு எண்ணுவாங்க. எனக்கும் மொதல்ல இப்படித்தான்"னு சொல்லி அதையும் மத்ததோட ஸ்டாண்ட்ல அடுக்கினாங்க.

பாதிக்கு மேல போனதும் தானா நிறுத்தினாங்க. "கொஞ்சம் விட்டு வைக்கட்டுமா? டாக்டரம்மா கேட்கச் சொன்னாங்க."

நான் திட்டைப் பார்த்தேன். சின்னதாகிட்டே வந்திருந்துச்சு. அக்கா, உண்மையைச் சொல்றேன், விட்டு வைங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பை கூட எடுத்துட்டுப் போயிருந்தேன், துணியெல்லாம் வெச்சு. ஆனா தொட்டில மிதக்கறதைப் பார்த்தா, அதுல அவ விரிஞ்சு வெளிச்சமா தெரிஞ்சா. பிளாக்ல அடைஞ்சு கிடக்கறப்போ அப்படி இல்ல. இதை நாலு பேர் பார்ப்பாங்க. எண்ணுவாங்க. சண்டை போட்டுப்பாங்க. அவளுக்கு வீட்டுக்கு ஆள் வந்து போயிக்கிட்டு இருந்தாத்தான் பிடிக்கும். அலமாரில தனியா உட்கார்ந்திருக்கற ரகம் இல்ல.

"நடத்துங்கம்மா"ன்னேன்.

ரிப்பன் வந்துக்கிட்டே இருந்துச்சு. நடுவுல இருந்த வெள்ளை ஒவ்வொரு சுத்துக்கும் மெலிஞ்சுது. கடுகளவு ஆச்சு. அப்புறம் ஒரு புள்ளி. அப்புறம் வர்றது எல்லாம் வெறும் மெழுகு, கண்ணாடி மாதிரி.

தங்கச்சி சக்கரத்தை விடல. இன்னும் ரெண்டு சுத்து சும்மா சுத்தினாங்க, எனக்காக. அப்புறம் கையை நிறுத்தி, என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவா கேட்டாங்க.

"போதுமா அண்ணா?"

இத்தனை மாசமா எனக்கு சொல்ல வராத வார்த்தை அது. எவ்வளவு இருந்தாலும் பத்தாதுன்னுதான் இருந்தேன்.

"போதும்மா"ன்னு சொன்னேன். சொல்ல முடிஞ்சுது.

உங்க தம்பி